தோட்டத்து ஊரில் ஆய்வுப் பட்டறை: நடத்தியவர்கள், கலந்துகொண்டவர்கள் அனுபவம்

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

வணக்கம் நண்பர்களே. நம்மில் பலர் வேலை பார்த்துக்கொண்டே முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கிறோம். நமக்குக் கிடைக்கும் மாநாடுகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மண்டபம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். பிறகு சான்றிதழ், குழுப்படம். எழுதியதில் எது தேறும், எது தேறாது என்று ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அதனால் எங்கள் ஊரிலேயே பள்ளி மண்டபத்தில், சனி, ஞாயிறு இரண்டு நாள், ஓர் ஆய்வுப் பட்டறை நடத்தினோம். ரப்பர்த் தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் முடிக்காத கட்டுரையோடு வர வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் அதே வட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். திட்டம் இவ்வளவுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வரலாற்று நூல்களில் எப்போதும் இடம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஊர் லயத்துத் (தொழிலாளர் வரிசை வீட்டுத்) திண்ணையில் உட்கார்ந்து தங்கள் எழுத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை.

முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு நான்கு கட்டுரைகள்தான். கட்டுரை மூன்று வாரத்துக்கு முன்பே எல்லார் கைக்கும் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு எழுதியவர் பேச மாட்டார். வேறொருவர் அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று பத்து நிமிடம் எடுத்துச் சொல்வார். அதன் பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. எழுதியவர் கேட்டுக் குறித்துக்கொண்டு கடைசியில் பதில் சொல்வார். படிக்க முடியாத பெரியவர்களுக்கு முந்திய வாரமே வீட்டுக்குப் போய், எங்கள் பள்ளி ஆசிரியைகள் கட்டுரையை வாசித்துக் காட்டினார்கள். இந்த வேலையை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். அது நடந்ததால்தான் பெரியவர்கள் பார்வையாளர்களாக இல்லாமல் பேச வந்தவர்களாக வந்தார்கள்.

கலந்துகொண்டவர்கள் தொடருங்கள்.

கிள்ளான், முனைவர் பட்ட மாணவி

என் கட்டுரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் எழுதுவது சயாம் மரண ரயில் பற்றி. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர், 1942, 1943-இல் ஜப்பானியர் போட்ட பாதை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பட்ட பாடு ஆங்கிலத்தில் அலமாரி நிறைய இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதற்கு இன்றைக்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு கணக்கு இல்லை. என் கட்டுரை அந்தக் கணக்குகளை ஒப்பிடுவதில் தொடங்கி, முகாம்கள், காலரா, மரணம் என்று போனது.

வாசித்துச் சொன்னவர் முடித்ததும் ஒரு பாட்டி பேசினார். அவர் அப்பா போனபோது பாட்டிக்கு நாலு வயது. அப்பா திரும்பவில்லை. "ரயில்ல இருந்து ஏம்மா ஆரம்பிக்கிற? பெரட்டுல இருந்து ஆரம்பி" என்றார். விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டார்கள். லாரி நின்றது. அந்தப் பேர்களை எழுதிக் கொடுத்தது யார்?

நான் படித்த எதுவும் இந்தக் கேள்வியில் தொடங்கவில்லை. ஜப்பானியர் பிடித்துப் போனார்கள் என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். ஆனால் ஒரு தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தால், எந்த ஆள் என்று தீர்மானித்தது தோட்டத்துக்குள் இருந்தவர்கள். பாட்டி ஒரு கிராணியின், அதாவது தோட்டத்து எழுத்தரின், பேரைச் சொன்னார்.

அந்தக் கிராணியின் பேரன் மண்டபத்தில் இருந்தார். எழுந்து நின்று, பேர் அச்சில் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவருடைய அம்மா இன்னும் இருக்கிறார், இதே ஊரில். தாத்தா எழுதிக் கொடுக்காவிட்டால் அவரை அடித்தே கொன்றிருப்பார்கள் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறார். பாட்டி விடவில்லை. "எங்கப்பா பேரு எங்கயும் இல்ல. அவங்க தாத்தா பேரு மட்டும் ஏன் மறையணும்?"

சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேச்சு போனது. பேராசிரியர்கள் ஆய்வு நெறி பற்றிப் பேசினார்கள். ஊர்க்காரர்கள் நாளைக்குக் கோயிலில் முகம் பார்த்தாக வேண்டியதைப் பற்றிப் பேசினார்கள். இரண்டும் ஒரே பேச்சுத்தான் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. முடிவு இது: கட்டுரையில் 'தோட்டக் கிராணி' என்று பதவி மட்டும் வரும். பாட்டி சொன்னது முழுதும், பேரோடு, ஒலிப்பதிவில் இருக்கும். இரண்டு குடும்பமும் ஒப்புக்கொள்ளும் வரை அது வெளியே போகாது. பாட்டியின் அப்பா பேர் கட்டுரையின் முதல் பத்தியில் வரும்.

பேர் வந்தால்தான் வரலாறு என்று என் மேற்பார்வையாளர் இன்றும் சொல்கிறார். நான் மண்டபத்தில் எடுத்த முடிவின் பக்கம் நிற்கிறேன். இப்போது என் கட்டுரை பெரட்டுக் களத்தில் தொடங்குகிறது. ஆண்கள் போன பிறகு லயத்தில் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியதற்குத் தனி இயல் ஒன்று வந்திருக்கிறது. அதுவும் அன்று பெரியவர்கள் கொடுத்ததுதான்.

கோலாலம்பூர், பல்கலைக்கழக விரிவுரையாளர்

கட்டுரை வாசித்துச் சொல்ல வந்தவர்களில் நானும் ஒருவன். மேலே ஆசிரியர் சொன்ன முறையைப் பற்றி ஒரு வார்த்தை.

நம் நாட்டில் தமிழாய்வுக்கு மேடை குறைவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். நமக்குக் குறைவது மேடை ஏறுமுன் நடக்க வேண்டிய வாசிப்பு. பிறர் கட்டுரையைத் தன் கட்டுரை போல் படித்துக் குறை சொல்லும் பழக்கம் நமக்கு வர வேண்டும். எழுதியவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்ற விதி முதலில் கொடுமையாகத் தெரியும். அந்த விதி இல்லாவிட்டால் ஒரு மணி நேரமும் தன்னைத் தற்காத்துக்கொள்வதிலேயே போய்விடும்.

இன்னொன்று, மாணவர்களுக்குச் சொல்கிறேன். காலனி ஆட்சியின் தொழிலாளர் இலாகா அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு தோட்ட வாழ்க்கையை எழுதாதீர்கள். 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி, இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் மலாயாவில் இருந்தார். அவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் கூலி, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் வேறு பார்வையில் இருக்கும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் இருக்கிறது. தொழிற்சங்க ஏடுகள் இருக்கின்றன. இவற்றோடு பெரியவர்கள் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டறையில் ஒரு தாத்தா, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாளக் கார்டு பிரச்சினையை 1969 மே 13 இனக் கலவரத்தோடு சேர்த்தே சொன்னார். அவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்ற வேலை அனுமதிச் சட்டம் அதற்கு முந்திய ஆண்டே, 1968-இல் வந்துவிட்டது. ஆனால் குடியுரிமை இல்லாமல் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களைப் பற்றி அவர் சொன்னது எந்த ஆவணத்தையும்விடத் துல்லியம். எந்த லயத்தில் எந்த வீடு காலியானது என்று விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார்.

கடைசியாக: பட்டறை முடிந்ததும் பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஆய்விதழில் போட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும். கட்டாதீர்கள். ஒரு வாரத்தில் எந்த மதிப்பீட்டாளரும் உங்கள் கட்டுரையைப் படித்திருக்க முடியாது.

ஈப்போ, ஆசிரியர் பயிற்சி மாணவர்

ஒலிப்பதிவு என் பொறுப்பு. சுருக்கமாகச் சொல்கிறேன், நடத்தப் போகிறவர்களுக்கு உதவும்.

நேர்காணலைக் காலையிலேயே முடியுங்கள். பிற்பகல் மழை பிடித்தால் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் கேட்காது. கருவியை வேவ் கோப்பில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். ஆவணக் காப்புக்கு அதுதான் ஏற்றது. வாட்சப்பில் அனுப்பி வாங்காதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடக்கூடும். அன்றைக்கே இரண்டு பிரதி, இரண்டு வேறு இடத்தில்.

ஒப்புதல் படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது மட்டும் போதாது. தமிழில் வாய்விட்டு வாசித்துக் காட்டி, அந்த வாசிப்பையும் அவர்கள் சம்மதத்தையும் பதிவு செய்தோம். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் அழித்துவிடுவோம் என்று சொன்னோம். ஒரு பெரியவர் மறுநாள் ஒரு பகுதியை எடுக்கச் சொன்னார். அவர் முன்னாலேயே எடுத்தோம்.

கட்டுரைகளை யூனிகோடில் மட்டும் வாங்குங்கள். பழைய எழுத்துருவில் வந்த ஒரு கட்டுரையின் பாதி வேறு கணினியில் புரியாத குறிகளாகத் திறந்தது.

சுங்கை சிப்புட், கடை நடத்துபவர்

மேல கிள்ளான் தங்கச்சி எழுதியிருக்கிற பாட்டி எங்கப் பாட்டிதான். ஒண்ணு சொல்லணும். இதுக்கு முன்னாலயும் ஆளுங்க வந்திருக்காங்க. படம் எடுப்பாங்க, பேச வைப்பாங்க, பாட்டி ராத்திரி முழுக்கத் தூங்காம அழும். அவங்க திரும்ப வந்ததே இல்ல. புஸ்தகம் வந்துச்சா, என்ன எழுதுனாங்க, ஒண்ணும் தெரியாது. இந்தத் தடவ முந்தியே வீட்டுக்கு வந்து வாசிச்சுக் காட்டினாங்க. பாட்டி பேசினத பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்தாங்க. மறு வாரம் டீச்சர் வந்து உட்கார்ந்துட்டுப் போனாங்க. பாட்டி இன்னும் கோபமாத்தான் இருக்கு அந்தப் பேரு விஷயத்துல. ஆனா அடுத்த பட்டறை எப்பன்னு கேக்குது. வெளியூர்ல இருந்து வர்ற ஆய்வாளருங்க தயவுசெஞ்சு இத மனசுல வச்சுக்கோங்க.

கோல கெட்டில், ஆசிரியை

அருமை. எங்கள் பக்கமும் இப்படி ஒன்று வேண்டும். சார், ஒரு கேள்வி, ஒரு குறை. செலவை எப்படிச் சமாளித்தீர்கள்? கெடாவில் வெள்ளி, சனிதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பள்ளி உண்டு. இரண்டாம் நாள் எங்களால் வர முடியவில்லை.

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

டீச்சர், விடுமுறை விஷயம் நீங்கள் சொன்ன பிறகு குழுவில் பேசினோம். அடுத்த முறை சனி, ஞாயிறு வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகள். நடுவில் ஒரு வாரம் கிடைப்பதால் முதல் நாள் கேட்டதை வைத்துக் கட்டுரையைத் திருத்திக்கொண்டும் வரலாம்.

செலவுக்கு வருவோம். பள்ளி மண்டபத்துக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கினோம், வாடகை இல்லை. தங்குவதற்கு ஊர் வீடுகள். சாப்பாடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அம்மாக்கள் சமைத்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்தோம். தொண்டு என்று சொல்லிப் பெண்களை இலவசமாக வேலை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேச வந்த பெரியவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஒரே அளவு அன்பளிப்பு. இதில் மட்டும் எந்தக் குழுவும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவுக் கட்டணம் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும், மாணவர்களுக்கு இல்லை. பெரிய நிறுவனத்திடம் போகவில்லை. பதாகையில் யார் படம், யார் திறந்து வைப்பது என்று நேரம் போய்விடும். திறப்பு விழாவே வைக்கவில்லை. காலை எட்டரைக்கு முதல் கட்டுரை. பால்வெட்டப் போய்ப் பழகிய பெரியவர்கள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த பட்டறைக்குப் பொருள், மூடப்பட்ட, இடம் மாற்றப்பட்ட தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்படி வந்த ஓரறைப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கோல கெட்டில் பக்கம் பள்ளிப் பதிவேடு, வருகைப் புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் இப்போதே விசாரித்து வையுங்கள் டீச்சர். கட்டுரைச் சுருக்கம் 250 சொல்லுக்குள் இருக்கட்டும். எந்தப் பள்ளி, யாரிடம் கேட்கப் போகிறீர்கள், அவர்களிடம் திரும்ப எப்போது போவீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.