சோலார் பண்ணை விஷயமா மனு எழுத உதவி வேணும்

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். மலேசியாவில சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுறேன், எங்களுக்கு இன்னும் அது பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். நாங்க குடியிருக்கிற தோட்ட லயத்துக்குப் பின்னால செம்பனையைச் சாய்ச்சு மண்ணைக் கிளறிட்டாங்க. சோலார் பண்ணை வருதாம். சோலாருக்கு நான் எதிரி இல்லை. 2050க்குள்ள மின் உற்பத்தித் திறன்ல 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதா இருக்கணும்னு அரசாங்கமே இலக்கு வச்சிருக்கு, நல்லா செய்யட்டும். ஆனா மழை பெய்ஞ்சா செம்மண் லோங்காங்கை, அதான் சாக்கடைக் கால்வாயை, அடைச்சு, தண்ணி வீட்டுக்குள்ள வருதே! சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு நடந்துச்சான்னு கேட்டா, ஒரு கவுண்டர் அடுத்த கவுண்டரைக் காட்டுது.

சிலாங்கூர்ல 2011லேயே, அரசாங்கத்துக்கிட்ட இருக்கிற தகவலைக் கேட்டு வாங்க தகவல் சுதந்திரச் சட்டம் போட்டாச்சு. அதுல மனு கொடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? தகவல் கேட்கக் காரணம்னு என்ன எழுதினீங்க? மலாய்ல நல்லா எழுதுற தம்பி, தங்கச்சி யாராவது ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வந்தா போதும். தேத்தண்ணி எங்க செலவு.