தாத்தாவோட தூண்டில் கம்பு, செஞ்சது யாருன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஊட்டிக்காரன்: எஸ்டேட் துரை தாத்தாவுக்கு குடுத்துட்டு போனது, பரண்ல கெடந்துச்சு, மூணு துண்டு மூங்கில், பித்தளை பூண், பேரே காணோம். உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பாக்கவா?

பழசுப்பிரியன்: ஐயோ தேய்ச்சிடாதீங்க! பேரு வார்னிஷுக்கு அடியில மையால எழுதியிருக்கும், கார்க் கைப்பிடிக்கு மேல ஈரத்துணியால லேசா தொடச்சுட்டு டார்ச்ச சாய்ச்சு அடிங்க. ‘பாலகோனா’ன்னு இருந்தா ஹார்டி, அது அவங்க மூங்கில் கம்புக்கு வச்ச பேரு; ஹார்டி இங்கிலாந்துல 1872ல ஆரம்பிச்ச கம்பெனி.

மீன்பைத்தியம்: பூண்லயும் முத்திரை இருக்கலாம். இங்கிலாந்துல ரெட்டிச்ங்கற ஊரு கம்பெனிங்க ஆல்காக், மில்வர்ட் செஞ்ச கம்பும் உண்டு. ஆறு மூங்கில் பட்டைய ஒட்டி செஞ்சதுங்கறத மட்டும் வச்சு ஹார்டின்னு சொல்றவன நம்பாதீங்க, பாதிப்பேர் அப்படித்தான் ஒட்டினாங்க.

ஊட்டிக்காரன்: டார்ச் அடிச்சேன் அண்ணே, மங்கலா ‘ரெட்டிச்’ தெரியுது!

மீன்பைத்தியம்: போட்டோ போடுப்பா, பூணோட சேத்து.