புதுப்பிப்பு: அஸ்வானிலிருந்து ஃபெலூக்காவில் போய் வந்துவிட்டேன்

எகிப்தில் அஸ்வானிலிருந்து கோம் ஓம்போ வரை ஃபெலூக்கா என்ற இன்ஜின் இல்லாத பாய்மரப் படகில் போகலாமா, காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். இரண்டு பகல், ஒரு இரவு.

காற்றைப் பற்றிய பயம் தேவையே இல்லை. நைல் வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. தெற்கே போகப் பாயை விரித்தால் போதும், வடக்கே போக நீரோட்டமே கூட்டிப்போகும். பழைய எகிப்தியச் சித்திர எழுத்தில்கூடத் தெற்குப் பயணத்துக்குப் பாய் விரித்த படகுதான் குறி. நாங்கள் போனது வடக்கே. முக்கோணப் பாயைத் திருப்பித் திருப்பி, கரைக்குக் கரை குறுக்காக வளைந்து போனோம். எத்தனை அழகான வித்தை!

படகோட்டி நூபியர், அதாவது தெற்கு எகிப்திலும் வடக்கு சூடானிலும் நைல் கரையில் வாழ்ந்துவரும் மக்களில் ஒருவர். மாலையில் தன் உறவினர் வீட்டுக்கு அழைத்துப்போனார். கர்கடே கொடுத்தார்கள், நம் புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த பானம். அந்த வீட்டுப் பாட்டி பிறந்த ஊர் இப்போது அஸ்வான் பேரணை தேக்கிய நாசர் ஏரிக்கு அடியில். அந்த அணைக்காக 1963-64இல் பல்லாயிரம் நூபியர்களைக் கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தினார்கள், நதியைவிட்டுத் தள்ளி. வாசலில் நின்றால் தண்ணீர் தெரியாத வீட்டில் பாட்டிக்கு முதல் வருடம் தூக்கமே வரவில்லையாம். அதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம், குளிர்காலத்தில் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். படகின் திறந்த தளத்தில்தான் படுக்கை, விடியற்காலையில் நன்றாகக் குளிர்கிறது.