முகத்துவாரத்தில் தூர்வாரும்போது அடியில் நடப்பது

நீர்த்தரம் அளப்பவர்:
எத்தனை கனமீட்டர் அள்ளினார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மீனுக்கும் சிப்பிக்கும் அந்தக் கணக்கைவிட, அள்ளிய மண்ணில் நைசான துகள் எவ்வளவு என்பதே முக்கியம். 0.2 மி.மீ. மணல் 5 மீட்டர் ஆழத்தை நான்கைந்து நிமிடத்தில் கடந்து படிந்துவிடும். 10 மைக்ரான் (0.01 மி.மீ.) வண்டலுக்கு அதே ஆழத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஏற்றமும் வற்றமும் ஒரு சுற்று முடிந்து, கலங்கல் மேலும் கீழும் அலைந்திருக்கும். உப்புநீர் பட்டால் களித்துகள்கள் ஒட்டித் திரண்டு சீக்கிரம் இறங்கும், உண்மைதான். ஆனால் அவை தங்குவது ஓட்டம் தணிந்த ஓரங்களில். சிப்பிப் படுகையும் கடற்புல்லும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

கலங்கல்மானி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது ஒளிச்சிதறலைச் சொல்கிறது, எடையை அல்ல. மானி இருக்கும் ஆழத்திலேயே தண்ணீர் எடுத்து வடிகட்டி, வடிதாளை 103–105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுங்கள். மானி எண்ணுக்கு எத்தனை எடை என்று அந்த இடத்துக்கென்று தனி ஒப்பீட்டுக் கோடு வரையுங்கள். கடல்நீர் வடித்த தாளைக் காய்ச்சி வடித்த நீரால் அலசாவிட்டால் உப்பும் சேர்ந்து நிற்கும், வண்டல் அதிகம் என்று தப்புக்கணக்கு வரும். வேலை தொடங்குமுன் அமாவாசை, பௌர்ணமி ஓட்டத்திலும் அஷ்டமி ஓட்டத்திலும் அளந்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது இயற்கைக் கலங்கல், எது தூர்வாரியதால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

உறிஞ்சு கப்பலில் பணிபுரிபவர்:
கலங்கலின் பெரும்பகுதி ஹாப்பர் (அள்ளிய மண் சேரும் கப்பல் தொட்டி) வழிநீரில்தான் போகிறது. தொட்டி நிரம்பிய பிறகும் பம்பு ஓட, மணல் உள்ளே தங்கும், நைசான சேறு மேல்நீரோடு வழியும். வழிகுழாயில் காற்று கலந்தால் குமிழிகள் சேற்றை மேற்பரப்புக்குத் தூக்கிவிடும். குழாய்க்குள் அடைப்பு வால்வு வைத்துக் காற்றைத் தடுத்தால் சேற்றுநீர் நேரே கீழே இறங்கும். அள்ளுவது வெறும் சேறென்றால் வழியவிட்டுப் பயனே இல்லை. தொட்டியில் கூடுவது சொற்பம், கடலுக்குப் போவது மிகுதி. நிரம்பியதும் நிறுத்திவிடுவதே நேர்மையான வேலை.

ஆமை நடமாடும் இடத்தில் உறிஞ்சு தலை (மண்ணை இழுக்கும் குழாயின் அடிமுனை) தரையில் பதியுமுன் பம்பை முடுக்கக் கூடாது, தலையைத் தூக்குமுன் நிறுத்திவிட வேண்டும். தலைக்கு முன்னால் ஏர்க்கொழு போன்ற விலக்கி பொருத்துவார்கள். அது சுமார் 15 செ.மீ. புதைந்து மண்ணை வரப்பாகத் தள்ளிக்கொண்டு போனால்தான் அடியில் கிடக்கும் ஆமை விலகும். கோணம் தவறி அந்தரத்தில் தொங்கினால், இருந்தும் இல்லாததுபோலத்தான்.

கடலடி உயிரினங்களைப் பார்ப்பவர்:
வண்டல்திரை (கலங்கல் பரவாமல் தண்ணீரில் தொங்கவிடும் திரை) கட்டினால் போதும் என்ற எண்ணம் ஆபத்தானது. ஓட்டம் நொடிக்கு அரை மீட்டரை நெருங்கினாலே திரை விரிந்து மேலெழும், சேறு அடியில் ஓடிவிடும். வற்றத்தில் திரை தரையைத் தொட்டால் அதுவே சேற்றைக் கிளறும். சேற்றிலிருந்து வெளிவந்து நீரில் கரைந்த அம்மோனியாவை எந்தத் திரையும் நிறுத்தாது.

ஒரு வாளிச் சேறு எடுத்துப் பிளந்து பாருங்கள். மேலே ஓரிரு சென்டிமீட்டர் பழுப்பு, அதற்குக் கீழே கரி நிறம், அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கருமை இரும்புச் சல்பைடு. கிளறியதும் தண்ணீரின் ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்ளும், பிடித்துவைத்திருந்த காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களையும் விடுவிக்கும். அதனால் ஆக்சிஜனை மேல்நீரில் அளந்து திருப்திப்படாமல், அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், விடியுமுன் அளக்க வேண்டும்.

அள்ளிய இடத்துக்குச் சின்னப் புழுக்கள் சில மாதத்தில் திரும்பும். நெடுநாள் வாழும் மட்டிகளுக்கு ஆண்டுக்கணக்காகும். ஆண்டுதோறும் அதே கால்வாயை அள்ளினால் புழுக்களைத் தாண்டி எதுவும் வராது. பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, வேலைக்கு முன் வாளியில் மட்டி எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள்.