விண்வெளித் தொடரில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

சில வருடங்களுக்கு முன் மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் வீட்டோடு கிடந்தேன். வீட்டுக்கு வெகுதூரத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு விண்கப்பலின் கதையான ‘ஸ்டார் டிரெக்: வாயேஜர்’ தொடர் முழுவதையும் பார்த்தது அப்போதுதான்.

நான்காவது சீசனில் ‘இயர் ஆஃப் ஹெல்’ என்று இரண்டு பாகம், 1997இல் வந்தது. கிரெனிம் இனத்தாருடன் மாதக்கணக்கில் சண்டை. கப்பல் தளம் தளமாக இடிந்துகொண்டே வரும். கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டூவாக்குக்குப் பார்வை போய்விடும். ஆனால் என் கண்ணிலேயே நிற்பது ஒரு சட்டைப்பைக் கடிகாரம். கேப்டன் ஜேன்வேயின் பிறந்தநாளுக்கு துணைத் தலைவர் சகோட்டே அதைக் கொடுப்பார். ஜேன்வே வாங்க மாட்டார். ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு ஊசி மருந்து, ஒரு ஜோடி பூட்ஸ், இந்தக் கடிகாரத்துக்குப் பதில் இதில் ஏதாவது ஒன்று கிடைத்திருக்குமே, இதைச் செய்த இயந்திரத்திலேயே திருப்பிப் போட்டுவிடுங்கள் என்பார். பரிசை மறுக்கும் அந்த முகத்தில்தான் கப்பலின் மொத்தப் பஞ்சமும் தெரிந்தது.

கடைசியில் ஜேன்வே தனியாளாகக் கப்பலை ஓட்டிப்போய் நடந்ததையே மாற்றி எழுதும் எதிரியின் காலக்கப்பல் மீது மோதுவார். அவ்வளவுதான், காலம் திரும்பிவிடும். கப்பல் புத்தம் புதிதாக நிற்கும். ‘இது தகராறில் உள்ள பகுதி’ என்று கிரெனிம்காரர் எச்சரிப்பார். சரி என்று சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை. அந்தக் கடிகாரத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் அவர்களோடு பட்ட பாடெல்லாம் எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது என்று தோன்றியபோது கோபம்தான் வந்தது. இதை ஒரு முழு சீசனாக எடுக்க விரும்பியதாக, இதை எழுதியவர்களில் ஒருவரான பிரானன் பிராகா பின்னால் சொல்லியிருக்கிறார். மறு ஒளிபரப்பில் எந்த வாரம் எந்தப் பகுதியைப் போட்டாலும் ஓட வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. புரிகிறது. ஆனாலும் முதல் சீசனில் கப்பலில் சுடுவதற்கு 38 டார்பிடோ குண்டுதான் உண்டு, தீர்ந்தால் வேறு கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டு, அப்புறம் அதற்கு மேலேயும் சுட்டுக்கொண்டே போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

பதில்:

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ ஏழாவது சீசனில் நாக் என்ற இளைஞன் போரில் காலை இழப்பான். அடுத்த வாரம் துள்ளிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. 1998 டிசம்பரில் வந்த ஒரு பகுதி முழுக்க அவனுக்கே. புதுக் கால் வைத்தாயிற்று, மருத்துவக் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. இருந்தும் கைத்தடியோடு நொண்டுவான். 1962 லாஸ் வேகாஸ் போல அமைத்த கற்பனை அறைக்குள்ளேயே குடியேறிவிடுவான்.

பைக் விபத்தில் எனக்கு முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்தார்கள். ஆறு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரேயைக் காட்டி ‘நல்லா நடக்கலாம், போங்க’ என்றார் டாக்டர். நான் நொண்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன். வீட்டில் எல்லாரும் நடிக்கிறேன் என்றார்கள். வலிக்கிறது என்று நாக் சொல்லும் இடத்தில் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து கடைக்குப் போகும்போது எனக்காக மெதுவாக நடந்தார்.

பதில்:

நாக் கதையை எழுதியவர்களில் ஒருவரான ரொனால்ட் மூர் கொஞ்ச நாள் வாயேஜரில் வேலை பார்த்து, ஒத்துவராமல் வெளியே வந்தவர். பிறகு ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ செய்தார். மனித இனமே ஏறக்குறைய அழிந்து, மிஞ்சியவர்கள் விண்கப்பல்களில் தப்பி ஓடும் கதை. அதில் உயிரோடு மிஞ்சியவர்களின் எண்ணிக்கை வெள்ளைப் பலகையில் இருக்கும். ‘33’ என்ற பகுதியின் கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வரும். அதிபர் ராஸ்லின் பழைய எண்ணை அழித்துவிட்டு 47,973 என்று எழுதுவார். ஒரே ஒரு எண்தான் கூடியது. அதற்கே நான் எழுந்து நின்றுவிட்டேன்.