ஆறு இருக்கா அந்த ஊர்ல?

வாட்ஸ்அப் குழு: வண்ணார்பேட்டை வீடு

*சனிக்கிழமை*

அண்ணன் (எடிசன்) காலை 7:12
எல்லாரும் எந்திரிச்சாச்சா? ஒரு முக்கியமான விஷயம். டென்னசி மாநிலத்துல சட்டனூகான்னு ஒரு ஊர். அங்க ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஆபர் லெட்டர் வந்துட்டு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நியூ ஜெர்சிய விட்டுட்டு குடும்பத்தோட போறதா வேண்டாமான்னு ஒரு வாரமா தூக்கம் இல்ல.

அம்மா 7:15
அது எந்தப் பக்கம்யா இருக்கு? இப்ப இருக்குற இடத்துல இருந்து ரொம்ப தூரமா?

அண்ணன் (எடிசன்) 7:16
கார்ல 13 மணி நேரம்மா. ஐ-78 ஹைவேல போய் ஐ-81 பிடிச்சா வர்ஜீனியா முழுக்க மலையோரமாவே தெற்க இறங்கணும்.

அக்கா (அட்லாண்டா) 7:18
எங்க வீட்டுல இருந்து ரெண்டு மணி நேரம்தாம்மா! ஐ-75ல நேர வடக்க. ஏல தம்பி, 11 வருஷமா இங்க கூடப்பிறந்தவங்கன்னு ஒருத்தர் இல்லாம கிடக்கேன். யோசிக்காத, வா.

அப்பா 7:26
அவசரப்படாதீங்க. ஊர்ல எத்தன பேரு இருக்காவ? இந்த வேலை போயிட்டுன்னா அந்த ஊருக்குள்ளயே வேற வேலை கிடைக்குமா? முதல்ல அதச் சொல்லு.

அண்ணன் (எடிசன்) 7:33
என் பயமும் அதான்ப்பா. 2020 கணக்குப்படி 1,81,000 பேர். நம்ம திருநெல்வேலி மாநகராட்சில பாதி கூட வராது. இங்க வேலை போனா அரை மணி நேர தூரத்துல பத்து கம்பெனி இருக்கு. அங்க என் மாதிரி ஆளுக்கு இன்சூரன்ஸ், லாரி சரக்குக் கம்பெனிங்க, வோக்ஸ்வாகன் கார் ஆலை, இப்படி விரல் விட்டு எண்ணிரலாம். ஒரு நல்லது, அந்த ஊர் மின்வாரியமே 2010ல ஃபைபர் போட்டு வீட்டுக்கு வீடு 1 கிகாபிட் இன்டர்நெட் குடுத்துருக்கு. பிற்காலத்துல வீட்டுல இருந்தே வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பாக்கலாம். விசா முடிஞ்சு கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் அதெல்லாம்.

நான் 7:40
அண்ணே, 1969ல அமெரிக்காவுலயே காத்து ரொம்ப அழுக்கான ஊர்னு டிவி செய்தில வந்த ஊர் இதான?

அண்ணன் (எடிசன்) 7:44
இதேதான். அப்ப இரும்பு வார்ப்பாலைங்க நிறைய. சுத்தி மலை, புகை வெளிய போக வழியில்ல. பட்டப்பகல்ல கார்ல விளக்கப் போட்டுட்டுப் போவாங்களாம். அப்புறம் ஊரே சேந்து சுத்தம் பண்ணிருக்கு. போன மாசம் ஸ்கூல் லீவுல நாங்க நாலு பேரும் போய்ப் பாத்துட்டு வந்தோம். ஆத்துக்கு மேல வால்நட் தெரு பாலம்னு ஒரு பழைய இரும்புப் பாலம், 130 வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப வண்டி விடுறதில்ல, நடக்க மட்டும். தளம் பூரா மரப்பலகை. சின்னவன் குப்புறப் படுத்து பலகை இடுக்கு வழியா தண்ணியப் பாத்துக்கிட்டே கிடந்தான். கால் மணி நேரம் எந்திரிக்கல. எனக்கு நம்ம தாமிரபரணி குறுக்குத்துறை ஞாபகம் வந்துட்டு.

அம்மா 7:46
ஆச்சி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காவ. "ஆறு இருக்கா அந்த ஊர்ல?"ன்னு கேக்காவ.

அண்ணன் (எடிசன்) 7:46
இருக்கு ஆச்சி. டென்னசி ஆறு. ஊர் நடுவுலதான் ஓடுது.

அத்தான் (அட்லாண்டா) 8:20
மாப்ள, அங்க போனா எவ்வளவு மிச்சம்னு நீ அனுப்புன கணக்கப் பாத்தேன். அதுல ரெண்டு இடத்துல நீ உனக்குச் சாதகமா போட்டுருக்க. டென்னசில சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, அது சரி. நியூ ஜெர்சில வீட்டு வரி சராசரியே வருஷத்துக்கு 10,000 டாலர் பக்கம், அங்க அதுல ஒரு பங்குதான், அதுவும் சரி. ஆனா விற்பனை வரிய நீ போடவே இல்ல. உங்க ஊர்ல 6.625. சட்டனூகால 9.25. எடிசன்ல அரிசி பருப்பு காய்கறிக்கு வரியே இல்ல, அங்க அதுக்கும் 6.25 சதவீதம் குடுக்கணும். இது கூட பெருசில்ல. ரெண்டாவதுதான் பெருசு. உன் வீட்டுக்காரி செல்வி இப்ப நர்சா வாங்குற சம்பளத்த அங்கயும் அப்படியே வாங்குவான்னு போட்டுருக்க. தெற்க நர்சுக்கு மணிக்கூலி குறைவு. நல்லாவே குறைவு. நீ மிச்சம்னு காட்டுறதுல பாதிய அது எடுத்துக்கும்.

அண்ணன் (எடிசன்) 8:24
ஆமா அத்தான். திருத்திப் போட்டு அனுப்புதேன்.

அத்தான் (அட்லாண்டா) 8:31
இன்னொண்ணு. எடிசன் வீட்ட எந்தக் காரணத்துக்கும் விக்காத. 2021ல 3 சதவீதத்துக்கு எடுத்த கடன். அந்த வட்டி நம்ம ஆயுசுல திரும்ப வருமான்னு சொல்ல முடியாது. வாடகைக்கு விடு.

அப்பா 8:35
கிரீன் கார்டு என்ன ஆகும்? 2014ல இருந்து வரிசைல நிக்க. கம்பெனி மாறுனா மறுபடியும் கடைசில போய் நிக்கணுமா?

அண்ணன் (எடிசன்) 8:41
இல்லப்பா. ஐ-140ங்கிற கிரீன் கார்டு மனு அப்ரூவ் ஆகி வருஷக்கணக்கா ஆச்சு. வரிசைல என் இடத்தச் சொல்ற 2014ங்கிற பிரையாரிட்டி தேதி என் கூடவே வரும். புது கம்பெனி பெர்ம்னு சொல்ற தொழிலாளர் துறை அனுமதில இருந்து முதல்லயே ஆரம்பிக்கணும், அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் இழுக்கும். வரிசைல என் முறை எப்ப வரும்னு இப்பவே சொல்ல முடியாது, அதனால பெரிய நஷ்டம் இல்லன்னு நினைக்கேன். ஆனா பெர்ம் முடியுறதுக்குள்ள கம்பெனில ஆள் குறைச்சா ஆபத்து. பெர்ம எப்ப ஆரம்பிப்பாங்கன்னு எழுத்துல கேட்டுருக்கேன்.

அப்பா 8:42
எழுத்துல வந்த பிறகு பேசு.

பாப்பா (அண்ணன் மகள்) 8:58
ஆச்சி தாத்தா அத்தை எல்லாருக்கும், நான் ஒண்ணு சொல்லலாமா? நான் இப்ப 8வது. 9வது புது ஸ்கூல்ல, யாரையும் தெரியாம ஆரம்பிக்கணும். எனக்கு இங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் கிண்டர்கார்டன்ல இருந்து. டான்ஸ் டீச்சரும் இங்கதான். அரங்கேற்றத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம்னு சொல்லிருக்காங்க. அப்பாகிட்ட சொன்னா "பாத்துக்கலாம்"னு சொல்றாங்க. அது பதில் இல்ல.

அக்கா (அட்லாண்டா) 9:03
இல்லடா கண்ணு, அது பதில் இல்லதான். அத்தை ஒண்ணு சொல்றேன். எங்க பக்கம் ஆல்பரெட்டால நல்ல டீச்சர்ங்க இருக்காங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நீ இங்க வந்துரு, ஞாயித்துக்கிழமை கொண்டு விடுறேன். இப்ப இருக்குற டீச்சர்கிட்ட வீடியோல தொடர முடியுமான்னும் கேளு. முடியலன்னா முடியலன்னு சொல்லு, நான் உங்க அப்பாகிட்ட பேசுறேன்.

பாப்பா (அண்ணன் மகள்) 9:05
கேக்குறேன் அத்தை.

மாமா (மதுரை) 9:30
நானா இருந்தா போக மாட்டேன். எடிசன்ல ஓக் ட்ரீ ரோட்டுல இறங்குனா நம்ம சாமான் எல்லாம் கிடைக்கும், தமிழ்ப் பள்ளி இருக்கு, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் இருக்கு. அங்க கோயிலுக்கு எங்க போவ?

அண்ணன் (எடிசன்) 9:36
நாஷ்வில்ல கணேசர் கோயில் ரெண்டு மணி நேரம் மாமா. அட்லாண்டா ரிவர்டேல் பெருமாள் கோயிலும் அதே தூரம்தான். வாரா வாரம் போக முடியாது, மாசம் ஒரு தடவை போலாம். நாஷ்வில் போற வழில ஒரு மணி நேரம் கடிகாரம் பின்னால போயிரும். சட்டனூகா கிழக்கு நேரம், நாஷ்வில் மத்திய நேரம். நடை சாத்துற நேரத்தப் பாத்துதான் கிளம்பணும்.

அக்கா (அட்லாண்டா) 9:41
டொர்னாடோ சுழல்காத்தப் பத்தி யாரும் பேசல. 2020 ஈஸ்டர் ராத்திரி அந்த ஊர்லயே கிழக்குப் பக்கம் ஈஸ்ட் பிரெய்னர்ட்ல வீடுங்க தரைமட்டமாச்சு. வீடு பாக்கும்போது பேஸ்மென்ட் இருக்கான்னு பாரு. இல்லன்னா ஜன்னல் இல்லாத ஒரு உள் அறையாவது வேணும். அத மட்டும் விட்டுக் குடுக்காத.

*ஞாயிற்றுக்கிழமை*

அம்மா மதியம் 3:10
நேத்துல இருந்து எல்லாரும் பேசுதீங்க. வரி, வட்டி, விசா, கோயில். செல்வி ஒரு வார்த்தை பேசல. அவள யாரும் கேக்கவும் இல்ல.

அம்மா 3:19
நான் இத எழுதணும்னு நினைச்சதில்ல. 1986ல உங்கப்பாவுக்கு மெட்ராஸ்ல இருந்து இங்க டிரான்ஸ்பர் ஆச்சு. ஆர்டர மேசைல வச்சுட்டு குளிக்கப் போயிட்டாவ. நான் அத வாசிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மேற்கு மாம்பலத்துல அஞ்சாங்கிளாஸ் டீச்சரா இருந்தேன். நடு வருஷத்துல பிள்ளைகள விட்டுட்டு வந்தேன். இங்க வந்து ஏழெட்டு மாசம், சாயங்காலம் நாலு மணியாச்சுன்னா ஸ்கூல் மணி அடிக்கிற மாதிரி காதுல கேக்கும். பெரியவள இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பேன். பக்கத்து வீட்டு அக்கா "என்னட்டி, யாருக்குக் காத்திருக்க?"ன்னு கேப்பாவ. சொல்ல பதில் இருக்காது. இந்த ஊர் என்னைய நல்லா வச்சிருந்துச்சு, அதுல எனக்குக் குறை இல்ல. ஆனா நீ அந்த லெட்டர மேசைல வச்சுட்டுக் குளிக்கப் போகாதய்யா.

அக்கா (அட்லாண்டா) 3:25
அம்மா…

அப்பா 4:02
நான் கேட்டிருக்கணும். அப்ப தோணல. வந்துதான ஆகணும்னு நினைச்சேன். இத்தன வருஷமா நீ சொல்லவும் இல்ல.

அம்மா 4:04
இப்ப சொல்லிட்டேன். காபி போடட்டுமா?

அப்பா 4:04
நான் போடுதேன்.

மதினி (செல்வி) மாலை 6:05
அத்தை, இங்க இப்ப காலைல, நைட் டியூட்டி முடிஞ்சு இப்பதான் வந்தேன். பார்க்கிங்ல கார்ல உக்காந்து உங்க மெசேஜப் படிச்சேன். இவங்க என்னைக் கேட்டாங்க அத்தை. ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே கேட்டாங்க. நான்தான் பதில் சொல்லல. போக வேண்டாம்னு சொன்னா இவங்களுக்கு இவ்வளவு நல்ல வேலை போயிரும். போலாம்னு சொல்ல வாய் வரல.

மதினி 6:14
சம்பளம் குறையுறது எனக்குப் பெருசில்ல. 2020 ஏப்ரல்ல நியூ ஜெர்சில ஆஸ்பத்திரி எல்லாம் நிரம்பி வழிஞ்சப்ப நான் ஐசியூல இருந்தேன். வீட்டுக்கு வந்தா கராஜ்லயே துணிய மாத்திட்டு நேரா கீழ் ரூமுக்குப் போயிருவேன். பிள்ளைங்கள ஆறு வாரம் தொடல. அந்த ஆறு வாரமும் எங்க தெருவுல நாலு தமிழ் வீடு முறை வச்சு வாசல்ல சாப்பாடு வச்சாங்க. ஒருத்தங்க ஒரு டப்பால இட்லி மாவு, மேல பேப்பர்ல "புளிக்கல, இன்னைக்கே ஊத்திருங்க"ன்னு எழுதி ஒட்டிருப்பாங்க. அந்தப் பேப்பர் ஒண்ண இன்னும் ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன். அந்தத் தெருவ விட்டுட்டுப் போகணும். அதான் அத்தை.

அக்கா (அட்லாண்டா) 6:17
செல்வி, நேத்து நான் பாட்டுக்கு "யோசிக்காத, வா"ன்னு எழுதிட்டேன். மன்னிச்சிரும்மா.

மதினி 6:20
அய்யோ அண்ணி, நீங்க ரெண்டு மணி நேரத்துல இருக்கீங்கங்கறதுதான் எனக்கு இருக்குற ஒரே தைரியம்.

மதினி 6:33
ஒன்பது வருஷமா நைட் டியூட்டி. எனக்கும் மாறணும்னு ஆசை இருக்கு. அந்த ஊர் ஆஸ்பத்திரில பகல் டியூட்டி கிடைக்குதான்னு நாளைக்கு ஃபோன் பண்றேன். நியூ ஜெர்சி, டென்னசி ரெண்டும் ஒரு மாநில நர்ஸ் லைசென்ஸ இன்னொரு மாநிலம் ஏத்துக்குற நர்சிங் காம்பாக்ட் ஒப்பந்தத்துல இருக்குறதால லைசென்ஸ் பிரச்சனை இல்ல. குடி போன 60 நாளுக்குள்ள அந்த மாநிலத்துக்கு விண்ணப்பிச்சா போதும். பகல் டியூட்டி கிடைச்சா வரேன். வீட்ட விக்கக் கூடாது. அங்க வீடு வாங்கக் கூடாது, ஒரு வருஷம் வாடகைதான். வருஷம் முடியுறப்ப எனக்கோ பாப்பாவுக்கோ ஒத்து வரலன்னா திரும்பணும், அப்ப இவங்க முகத்தத் தூக்கி வச்சுக்கக் கூடாது.

அண்ணன் (எடிசன்) 6:36
நீ மாடிக்கு வா. பிள்ளைங்க தூங்குறாங்க, காபி போட்டு வச்சிருக்கேன்.

*வியாழக்கிழமை*

அண்ணன் (எடிசன்) காலை 6:50
பெர்ம சேந்த ஆறு மாசத்துல ஆரம்பிப்போம்னு எழுத்துல குடுத்துட்டாங்க அப்பா. சேர்ற தேதிய ஜூலைக்குத் தள்ளிக் கேட்டேன், சரின்னுட்டாங்க. இங்க ஜூன் கடைசில ஸ்கூல் முடியுது, அங்க ஆகஸ்ட் முதல் பாதியிலேயே திறந்துருவாங்க. லீவு சின்னதாத்தான் இருக்கும்.

மதினி 6:55
பகல் டியூட்டி ஒரு இடத்துல இருக்கு அத்தை. வீடியோல இன்டர்வியூ முடிஞ்சுது. சம்பளம் குறைவுதான், அத்தான் சொன்ன மாதிரியே. வாரம் மூணு நாள், ராத்திரி கிடையாது.

பாப்பா (அண்ணன் மகள்) 7:01
டான்ஸ் டீச்சர் வீடியோல எடுக்குறேன்னு சொல்லிட்டாங்க. ஆனா கோடை லீவுல மூணு வாரம் நேர்ல வரணுமாம். நான் என் ஃப்ரெண்ட் வீட்டுல தங்கிக்குவேன். அப்பா சரின்னு சொல்லிட்டாங்க, இந்தத் தடவை "பாத்துக்கலாம்" இல்ல.

அப்பா 7:04
அப்ப போயிட்டு வாங்க. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீங்க.

நான் 7:10
ஆச்சி சொல்லச் சொன்னாவ, அப்படியே எழுதுதேன்: "ஆறு இருக்குன்னு சொன்னான. 2023ல நம்ம ஆறு வாசப்படி ஏறி உள்ள வந்து அரிசிப் பானை வரைக்கும் நனைச்சுது. எனக்கு ஆத்தப் பிடிக்கும். ஆனா ஆத்தங்கரைல வீடு எடுக்காதன்னு சொல்லு. மேட்டுலயா பள்ளத்துலயா எடுத்துருக்கான்?"

அண்ணன் (எடிசன்) 7:16
ஆச்சிகிட்ட சொல்லு, அந்த ஊர்லயும் பழைய காலத்துல பெரிய வெள்ளமெல்லாம் வந்துருக்கு. அப்புறம் ஊருக்கு மேல 1940ல சிக்கமாகான்னு ஒரு அணை கட்டிட்டாங்க. நாங்க பாத்து வச்சிருக்குற வீடு மேட்டுலதான். ரோட்டுல இருந்து 14 படி ஏறணும். பேஸ்மென்ட்டும் இருக்கு, அக்கா.

அம்மா 7:18
14 படியா? உங்கப்பா முட்டிய வச்சுக்கிட்டு எப்படி ஏறுவாவ? நாங்க வரணுமா வேண்டாமா?

மதினி 7:20
பின்பக்கம் கார் உள்ள வர்ற வழி இருக்கு அத்தை, அங்க படியே இல்ல. அந்தப் பக்கம் தரையோட ஒரு பெட்ரூம், கூடவே பாத்ரூம். அத உங்க ரெண்டு பேருக்கும்னுதான் பாத்து வச்சோம்.