சில்வர் பானட்டில் ஆரஞ்சுத் தோல், தேய்க்கலாமா? அவசரம்

வெள்ளிவண்டி:
பானட் புதுசா அடிச்சு வந்திருக்கு, மெட்டாலிக் சில்வர். பூரா ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம். டியூப் லைட் பிம்பம் நெளியுது. 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கற உப்புத்தாள்) கையில இருக்கு, தேய்ச்சுடலாமா? சனிக்கிழமை வண்டி வேணும்.

பட்டறைக்காரன்:
முதல்ல பேப்பரைக் கீழ வைங்க. எப்ப அடிச்சது? நிறத்துக்கு மேல 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கற நிறமில்லாத மேல்பூச்சு) இருக்கா, எத்தனை கோட்? ஓரத்துல நகத்தை அழுத்தினா தடம் விழுதா?

தின்னர்தாசன்:
கேக்கவே வேணாம், தின்னர்தான். 35 டிகிரி வெயில்ல ஃபாஸ்ட் தின்னர் ஊத்தினா துளி பரவி மட்டமாகறதுக்குள்ள காஞ்சிடும். மெதுவாக் காயற ஸ்லோ தின்னரும், பூச்சை இறுக வைக்கற ஹார்டனர்லயும் ஸ்லோவும் போட்டிருக்கணும்.

கம்ப்ரஸர்_ராசா:
எதுக்கெடுத்தாலும் தின்னரா? சின்ன டேங்க் வெச்சு பானட் அடிச்சா பாதியிலேயே பிரஷர் இறங்கிடும், துளி பெரிசாகும். ட்ரிகரை அழுத்திப் பிடிச்ச நிலையில ஸ்ப்ரே கன்ல 2 பார் பிரஷர் நிக்குதான்னு பாக்கணும். நாசில் துளை 1.3 மி.மீ., பேனலுக்கும் கன்னுக்கும் ஒரு சாண் தூரம்.

மூத்த_பஃபர்:
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் பாக்கற வழக்கமே போச்சு. தம்பி, துகள் கலக்காத சாலிட் கலர்னா நிறத்தையே தேய்க்கலாம். மெட்டாலிக்ல நிறத்துக்குள்ள அலுமினியத் துகள் படுத்திருக்கு. பேப்பர் அதுல பட்டா திட்டுத் திட்டாத் தெரியும், எந்த பாலிஷும் அதைக் காப்பாத்தாது.

வெள்ளிவண்டி:
4 நாள் ஆச்சு. கிளியர் 2 கோட்னு சொன்னாங்க. நகம் படியல.

பட்டறைக்காரன்:
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. மேல்பரப்பு மட்டும் நெளிஞ்சா கிளியர்ல குறை, தேய்க்கலாம். மேல வழவழன்னு இருந்து உள்ள மணல் தூவின மாதிரியோ மேகத் திட்டாவோ தெரிஞ்சா பேஸ் கோட், அதாவது கிளியருக்கு அடியில இருக்கற நிறம், வறண்டு விழுந்திருக்கு. அதைத் தேய்ச்சுப் போக்க முடியாது, திரும்ப அடிக்கறதுதான் வழி.

கிளியர்தான்னா 1000 வேணாம். அதோட கீறலை எடுக்கறதுக்கே கிளியர் வீணாப் போயிடும். அதைவிட நைஸான 1500, 2000, 3000 வாங்குங்க. சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணியில கால் மணி நேரம் ஊற வைங்க. விரலால தேய்க்காதீங்க, வாய்க்கா விழும். மெத்து ரப்பர் பிளாக்ல சுத்திக்கோங்க. பானட்டோட மடிப்புக் கோடு, ஓரம் எல்லாத்துலயும் 1 செ.மீ. டேப் ஒட்டுங்க, கிளியர் ரொம்ப மெலிசா இருக்கறது அங்கதான்.

பத்து இழுப்புக்கு ஒருமுறை தண்ணியை வழிச்சுட்டுப் பாருங்க. மங்கலுக்கு நடுவுல பளபளன்னு நிக்கற புள்ளிதான் பள்ளம். எல்லாப் புள்ளியும் போகணும்னு அடம்பிடிக்காதீங்க. தேய்க்கறப்ப வடியற பால் மாதிரித் தண்ணி வெள்ளையா இருக்கற வரைக்கும் கிளியர். சாம்பல் நிறம் தட்டினா கையை எடுத்துடுங்க. 3000 முடிச்சு ஃபோம் பேட்ல காம்பவுண்ட் (பாலிஷ் பசை), மெஷின் நிமிஷத்துக்கு 1200 சுற்று. தொட்டாச் சுடற அளவுக்கு ஒரே இடத்துல நிக்க வேணாம்.

மைக்ரான்:
பெயிண்ட் கனத்தை அளக்கற கேஜ் இல்லாம இதுல இறங்கறது கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி. 2 கோட் கிளியர் சுமார் 50 மைக்ரான் (மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்குதான் 1 மைக்ரான்), அதுல 15க்கு மேல எடுக்காதீங்க.

மூத்த_பஃபர்:
கேஜ் தகட்டுலருந்து மொத்தக் கனத்தைத்தான் காட்டும். அடியில பட்டி இருந்தா 400ன்னு காட்டும், அதுல கிளியர் எவ்வளவுன்னு ஜோசியமா பாப்பீங்க?

மைக்ரான்:
மொத்தம் யாருக்கு வேணும்? அதே இடத்துல தேய்க்கறதுக்கு முன்ன ஒரு ரீடிங், பின்ன ஒரு ரீடிங். கழிச்சா எடுத்த அளவு.

மூத்த_பஃபர்:
தகடே இல்லாத பிளாஸ்டிக் பம்பர்ல கேஜை வெச்சுக் கழிச்சுப் பாருங்க.

மைக்ரான்:
அவர் கேட்டது பானட்டைப் பத்தி.

கம்ப்ரஸர்_ராசா:
கம்பெனி பெயிண்ட்லயும் கொஞ்சம் தோல் இருக்கும். பக்கத்து ஃபென்டரைப் பாத்து அந்த அளவுக்கு வந்ததும் நிறுத்துங்க. பானட் மட்டும் கண்ணாடியா நின்னா அதுவும் உறுத்தும்.

வெள்ளிவண்டி:
ஒரு அடிச் சதுரத்துல 1500, 2000 போட்டுப் பாத்தேன். பால் வெள்ளைதான். பிம்பம் நேரா நிக்குது. மீதி நாளைக்கு. நன்றி.

தின்னர்தாசன்:
என்ன தின்னர் போட்டாங்கன்னு கேட்டீங்களா?